பிறந்த வீட்டுக் கோடி

"தோட்டத்துல இதெல்லாம் இருக்கா?"

நேர்முகத்தில் அந்தப் பேராசிரியர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். ‘இதெல்லாம்’ என்று சொல்லும்போது சோற்றில் கிடந்த முடியை எடுத்துப் போடுகிறவர் மாதிரி விரல் நுனியால் காற்றை ஒதுக்கினார். கலாநிதிப் பட்ட ஆய்வுக்கு வெளிநாட்டு நிதி வந்திருந்தது. பாலியல், பால்நிலை, சமூக விளிம்புநிலை என்று தலைப்பையும் நிதி கொடுத்தவர்களே போட்டிருந்தார்கள். நான் அதை இறப்பர் தோட்டத்துத் தொழிலாளிப் பெண்களை வைத்துச் செய்யப்போகிறேன் என்று விண்ணப்பித்திருந்தேன்.

"தோட்டத்துலயும் மனுஷங்கதான் சேர் இருக்காங்க" என்றேன்.

பக்கத்திலிருந்த அம்மையார் கனிவாகச் சிரித்தார். அந்தக் கனிவு இருக்கிறதே, அதைவிட அவர் என்னை அறைந்திருக்கலாம். "அங்கே சம்பளம், தண்ணீர், வீடு, இதுகள்தானே மகள் பிரச்சினை. முதலில் வயிறு, பிறகுதானே மற்றது" என்றார். எங்கள் ஆட்களுக்கு வயிற்றுக்கு மேலே ஒன்றுமே கிடையாது என்று நினைப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கு அடக்கிக்கொண்டேன், நிதி வேண்டுமே. கிடைத்தது. அந்த அம்மையார்தான் என் மேற்பார்வையாளர் என்றும் ஆனது. என் தலையெழுத்து.

அவர்களிடம் நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. யட்டியாந்தோட்டைக்கு மேலே, இறப்பர் தோட்டத்தில், எங்கள் லயத்தின், ஒரே கூரைக்குக் கீழே ஓடும் வரிசை வீடுகளின், கடைசிக் காம்பராவில் இரண்டு பெண்கள் ஒரே அடுப்பில் பொங்கித் தின்று வாழ்ந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி என் அப்பாவின் தங்கை. அம்மா போன பிறகு என்னை வளர்த்த அத்தை. மற்றவள் எஹலியகொடப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பால் வெட்ட வந்தவள். கட்டிக்கொண்டு வந்த பெண்களை எங்கள் லயத்தில் பிறந்த ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். இவளை யாரும் கட்டிக்கொண்டு வரவில்லை, ஆனாலும் ‘எஹலியகொடக்காரி’ என்றே பெயர் விழுந்துவிட்டது. நான் எஹலியகொட அத்தை என்பேன்.

1992. தோட்டங்களைக் கம்பெனிகளிடம் கைமாற்றிக்கொண்டிருந்த வருஷம். எனக்குப் பதினொரு வயது. அப்பா கங்காணி, கோயில் கமிட்டியில் ஆள், மீசைக்கு எண்ணெய் போடுகிறவர். கேகாலையில் கடை வைத்திருந்த ஒருவரை அத்தைக்கு மாப்பிள்ளையாகப் பேசிக்கொண்டு வந்தார். அதற்கு முன் வந்தவர்களை ஏதோ சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்த அத்தை, இந்த முறை சாக்கே சொல்லவில்லை. "எனக்குக் கல்யாணம் வேணாண்ணே" என்றாள். அப்பா கத்தினார். அத்தை உள்ளே போய் டிரங்குப்பெட்டியையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு, பட்டப்பகலில், எல்லாரும் வாசலில் நின்று பார்க்க, லயத்தின் நீளத்துக்கும் நடந்து கடைசிக் காம்பராவுக்குள் போய்விட்டாள். நான் பின்னால் ஓடினேன். எஹலியகொட அத்தை கதவில் நின்று, "வா, ஒனக்கும் சேத்துத்தான் ஒலை வச்சிருக்கேன்" என்றாள்.

அப்பா என்ன செய்தார் தெரியுமா? மலைத் தண்ணீர் குழாயில் விழும் பீலிக்குப் போய், வேட்டி சட்டையோடு தண்ணீருக்குக் கீழே தலையைக் கொடுத்து நின்றார். தண்ணீர் பிடிக்க வந்த பெண்களெல்லாம் குடத்தோடு விலகிக்கொண்டார்கள். சொட்டச் சொட்ட லயத்துக்கு வந்து, "தலைமுழுகிட்டேன். எனக்குத் தங்கச்சி இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பேச்சுக்குச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நிஜமாகவே முழுகியவர் என் அப்பா ஒருத்தர்தான். அவ்வளவு வீம்பு.

அதற்குப் பிறகு, காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பெரட்டில் அத்தையின் பேரை மட்டும் அவர் கூப்பிடமாட்டார். கணக்கப்பிள்ளை கூப்பிடுவார். அத்தை வெட்டிய மரத்தில் பட்டை காயப்பட்டிருந்தால் அவளிடம் சொல்லாமல் மரத்தைத் திட்டிவிட்டுப் போவார். எஹலியகொட அத்தை அதைக் கேட்டுவிட்டு, "மரத்துக்குக் காது இருக்கு பாருங்க கங்காணி, பாவம், மெதுவா பேசுங்க" என்று சத்தமாகச் சொல்லுவாள். மலை முழுக்கச் சிரிப்பு. அப்பாவுக்கு அதெல்லாம் உள்ளே போய் உறைந்துகொண்டிருந்தது.

லயத்து ஜனம் இரண்டு பேரையும் வாயில் போட்டு மென்றது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், பக்கத்துக் கிராமத்துச் சிங்களக்காரர்களிடம் பேசவேண்டிய காரியம் வந்தால் சிங்களம் நன்றாகப் பேசுகிற எஹலியகொடக்காரிதான் வேண்டும் இவர்களுக்கு. சண்டையோ சமாதானமோ, அவள் வாயைத்தான் தேடி வருவார்கள். வேலை முடிந்ததும் முதுகுக்குப் பின்னால் காறித் துப்புவார்கள். இந்தச் சீலத்தைத்தான் ஒழுக்கம் என்று கோயிலில் ஒலிபெருக்கி வைத்துப் பேசினார்கள்.

நிதி கிடைத்து, ஒலிப்பதிவுக் கருவியோடு நான் தோட்டத்துக்கு வந்தது 2007இல். வந்த வேகத்திலேயே செய்தி பரவிவிட்டது. கங்காணி மகள் வெளிநாட்டுக் காசு வாங்கிக்கொண்டு பொம்பளைகளிடம் அசிங்கம் கேட்கிறாள் என்று. எந்தக் காம்பராவில் போய் உட்கார்ந்தாலும் ஒரு பிளேன்டீ கிடையாது. எங்கள் லயத்தில் பகையாளிக்குக்கூடப் பிளேன்டீ உண்டு. தொழிற்சங்கத் தலைவர், கோயில் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர், என்னை வழியில் மறித்தார்.

"ஒன்னைய படிக்க வச்சது இதுக்கா? நம்ம பொம்பளப் புள்ளைகளக் காட்டிக் குடுத்துத்தான் நீ பட்டம் வாங்கணுமா?"

"நம்ம பொம்பளப் புள்ளைக என்னா நெனைக்கிறாங்கன்னு நீங்க ஒரு நாளாவது கேட்டீங்களா?"

"வாய் நீளுது."

"ஒங்க காது குட்டையா இருக்கு, நான் என்னா செய்ய?" என்றேன்.

அப்பாவிடம் போய்ச் சொன்னார். அப்பா வீட்டில் சாப்பாட்டை எனக்கு முன்னால் தள்ளி வைத்துவிட்டு, "அவளுகளுக்கு என்னா பேரு வச்சிருக்க ஒன் படிப்புல?" என்று கேட்டார். வைத்திருந்த பேர்களெல்லாம் இங்கிலீஷில் இருந்தன. அதை எங்கள் அடுப்படியில் வைத்து உச்சரிக்க எனக்கே கூசியது, கோபமாகவும் இருந்தது.

எல்லாரும் கதவைச் சாத்தினால் கடைசிக் காம்பராவாவது திறக்கும் என்று நினைத்தேன். அங்கேதான் பெரிய அடி. கருவியைப் பாயில் வைத்த உடனே எஹலியகொட அத்தை கறிச்சட்டியைக் கவிழ்த்து அதன்மேல் மூடினாள்.

"பிஸ்ஸுவா ஒனக்கு?" என்றாள். பைத்தியமா என்று கேட்கச் சிங்களந்தான் அவளுக்கு வசதி.

அத்தை சுவரில் சாய்ந்திருந்தாள். அப்போதே வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். உடம்பு பாதியாகிவிட்டது, வாய் மட்டும் அப்படியே இருந்தது.

"நாங்க ரெண்டு பேரும் என்னான்னு கேக்க வந்தியா?"

"ஆமாத்தே."

"இங்கதானே தின்னு வளந்த. தெரியலியா?"

"தெரியும். நீங்க வாயால சொல்லணும்."

"ஏன் சொல்லணும்? ஒங்கப்பன் ஒங்கம்மாவ என்னான்னு வச்சிருந்தான்னு யாராச்சும் கேட்டாங்களா? அவனுக்கு ஒரு கேள்வியும் இல்ல, எனக்கு மட்டும் பரீட்சையா?"

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நான் அவளுக்காகத்தானே ஊரெல்லாம் சண்டை போட்டேன், என்னைப் போய்த் தலைவரோடு சேர்க்கிறாளே என்று ஆத்திரம். கறிச்சட்டியைத் தள்ளிக் கருவியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

"ஒக்காரு. கோவத்துல அப்பன உரிச்சு வச்சிருக்கா" என்றாள் அத்தை. "ஒனக்கு எங்கிட்ட எதாச்சும் கேட்டே ஆவணும்னா, இதக் கேட்டுக்க. எம் பொணம் இந்தக் காம்பராவுலருந்துதான் போவணும். ஒங்கப்பன் காம்பராவுக்குத் தூக்கிட்டுப் போனீங்க, நான் எந்திரிச்சு நடந்தே திரும்பி வந்துருவேன். சொல்லிட்டேன்."

"வாயக் கழுவு" என்றாள் எஹலியகொட அத்தை. அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"இவ என்னைய எடுத்துப் போடணும். வேற யாரும் இல்ல. இவ வீட்டுலருந்து போறேன். அவ்வளவுதான் எனக்கு."

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டாள். எங்கள் தோட்டத்தில் அதைவிடப் பெரிய ஆசையை ஒருத்தி ஆசைப்பட முடியாது. கட்டிக்கொடுக்காத பெண் செத்தால் அண்ணன் தம்பி வீட்டிலிருந்துதான் பிணம் எடுப்பார்கள். வேறு வீட்டில் கிடந்தாலும் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். அவளுக்கு வீடு என்பது அது ஒன்றுதான். எஹலியகொடக்காரி ஒரு மூலையில் நின்று அழலாம், பக்கத்துக் காம்பராக்காரி அழுகிற மாதிரி. தண்ணீர் எடுக்கவோ வாய்க்கரிசி போடவோ அவளுக்கு முறை கிடையாது. பதினாறாம் நாள் கருமாதிக்குச் சொல்லி அனுப்பினால் வரலாம்.

கொழும்பில் மேற்பார்வையாளரிடம் இதைச் சொன்னபோது அவர் கண்கள் மின்னின. "அருமையான தரவு. அந்தத் தருணம் வரும்போது நீங்கள் கட்டாயம் அங்கே இருக்க வேண்டும்" என்றார். நான் எழுந்து வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டேன். என் அத்தை சாகிற நேரத்தை இந்த அம்மாள் தருணம் என்கிறாள். திரும்பிப் போய் அவர் மேசையைக் கவிழ்த்துப் போடலாமா என்று இருந்தது. கவிழ்க்கவில்லை, பஸ் பிடித்தேன்.

அடுத்த வருஷம், ஒரு விடிகாலை, அத்தை போய்விட்டாள். எஹலியகொட அத்தை மடியில் தலை இருந்தது. அவள் கத்தி அழவில்லை. அத்தையின் வாயைத் துடைத்தாள், தலையை வாரினாள், தானே குளிப்பாட்டிக் கிடத்திவிட்டாள். பிறகுதான் கதவைத் திறந்து, அப்பாவின் காம்பராவில் தங்கியிருந்த எனக்குச் சொல்லி அனுப்பினாள். எனக்கு அழுகையைவிட முதலில் பயம் வந்தது. இனித்தான் வருவார்கள் என்று பயம்.

வந்தார்கள். வெயில் ஏறும்போது தலைவரும் கமிட்டி ஆட்களும் கடைசிக் காம்பரா வாசலில் நின்றார்கள். சாவு மேளம் அடிக்கும் தப்புக்காரர்கள் பக்கத்தில் நெருப்பு மூட்டித் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். தலைவர் என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்துப் பேசினார்.

"பொணத்தக் கங்காணி காம்பராவுக்குக் கொண்டு போவணும். அண்ணன் இருக்கையில கண்டவ வீட்டுலருந்து எடுத்தா நாளைக்கு மத்த டிவிசன்காரன் சிரிப்பான்."

"அத்தை சொன்னது இங்கருந்துதான்" என்றேன். "சாகப்போறவ கேட்டது இது ஒண்ணுதான். ஒங்களுக்கு இதுல என்னா நட்டம்?" அப்புறம் என்னவெல்லாமோ பேசினேன். உரிமை என்றேன், கண்ணியம் என்றேன். மூன்று வருஷப் பல்கலைக்கழகப் படிப்பும் ஒரு வருஷ ஆய்வும் சேர்ந்து என் வாயில் வந்தது. ஒருத்தரும் காதில் வாங்கவில்லை. வாசலில் நின்ற பெண்களில் ஒருத்தி, "இவளுக்குத் தலையில படிப்பு ஏறிருச்சு" என்றாள்.

எஹலியகொட அத்தை வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். "தூக்கணும்னா என்னைய மிதிச்சிட்டுத் தூக்குங்க" என்றாள்.

அப்பாவைக் கூட்டி வந்தார்கள். அவர் காம்பராவுக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"கங்காணி, நீங்க சொல்லுங்க. ஒங்க வீட்டுக்குத் தூக்கிருவோம்."

"எங்க வீட்டுக்கா?" அப்பாவின் மீசை துடித்தது. "அவள நான் அன்னைக்கே தலைமுழுகுனவன். நீங்கெல்லாம் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? எம் வாசப்படிய அவ பொணமும் தாண்டக்கூடாது."

"அப்ப யாரு வீட்டுப் பொணம்யா இது?"

"எவ வீட்டுல கெடக்கோ அவ வீட்டுப் பொணம். அவளே எடுத்துப் போடட்டும். எனக்கென்னா?"

பாவி மனுஷா, செத்த பிறகுமா என்று நான் கத்தினேன். கத்தி முடித்த பிறகுதான் அவர் என்ன சொன்னார் என்று எனக்கு உறைத்தது. நானும் அவரும் ஒரே பக்கம் நிற்கிறோம். வாழ்க்கையில் முதல் தடவை. அவர் வெறுப்பிலே சொல்கிறார், நான் பாசத்திலே சொல்கிறேன், பிணம் இரண்டுக்கும் இங்கேயேதான் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டேன்.

தலைவர் விடவில்லை. "சரி, வீட்டுக்குக் கொண்டு போவேணாம். கூடப்பொறந்தவன் கையால ஒரு துணியாச்சும் விழணும்ல? அது இல்லாம தூக்க நம்ம ஆளுக தோள் குடுக்கமாட்டாங்க. அதுக்காச்சும் உள்ள வந்து நின்னு..."

"உள்ள வந்து வீட்டு ஆள் மாதிரி நிக்கமாட்டேன். துணி போடணும், அவ்வளவுதானே? வெளியாள் எப்புடிக் கொண்டாந்து போடுவானோ அப்புடிப் போட்டுட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு, அப்பா யட்டியாந்தோட்டைக் கடைவீதிக்கு நடந்தார்.

வெயில் உச்சிக்கு வந்தபோது திரும்பினார். மேல் ரோட்டிலிருந்து லயத்துக்கு இறங்கும் படியில் அவர் தலை தெரிந்தது. புதுச் சேலையை மடித்து இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திப் பிடித்திருந்தார், மேலே ஒரு மாலை. முகம் கடுகடுவென்று இருந்தது. அவருக்குத் தூக்கி எறிந்துவிட்டுப் போகிற அவசரம்.

தப்புக்காரர்களில் மூத்தவர் அவரைப் பார்த்தார். கையில் சேலை, வெளியே ரோட்டிலிருந்து வருகிறார், செத்தவளின் அண்ணன். அவர் வேறு எதையும் யோசிக்கவில்லை. யோசிக்க அவருக்கு என்ன இருக்கிறது? கோடி வந்தால் எதிர்கொண்டு போய் அழைத்து வருவது அவர்கள் வேலை. எழுந்து தப்பை மாட்டினார், மற்றவர்களும் மாட்டினார்கள், கோடி அழைக்கிற அடியை அடித்துக்கொண்டு படிக்கட்டு வரைக்கும் போய், அப்பாவுக்கு முன்னால் ஆடிக்கொண்டு அழைத்து வந்தார்கள்.

அந்த அடி எங்கள் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். பிறந்த வீட்டுக் கோடிக்கு மட்டும் அடிக்கிற அடி. கட்டிக்கொடுத்த பெண் புருஷன் வீட்டில் செத்தால் அண்ணன் தம்பிமார் எடுத்துவரும் கடைசிச் சேலை அது. வீட்டோடு இருந்தவளுக்கு அது கிடையாது. இருந்த வீட்டுக்கே எங்கிருந்து கோடி எடுத்து வருவது?

தலைவர் வாயைத் திறந்தபடி நின்றார். பிணத்தைச் சுற்றிக் குந்தியிருந்த பெண்கள் தப்புச் சத்தம் கேட்டதும் பழக்கத்தில் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு குரலை எடுத்தார்கள். அதுவரைக்கும் பொதுவாக அழுதவர்கள், இப்போது பொறந்த எடத்துச் சேலை வருது, போன எடத்துக்கு வருது என்று ஒப்பாரியை மாற்றிப் பாடினார்கள். காலையில் என்னைப் பார்த்துப் படிப்பு ஏறிவிட்டது என்று சொன்னவள்தான் முதலில் எடுத்துக் கொடுத்தாள். அப்பா தப்புக்கு நடுவில், லயத்தின் நீளத்துக்கும், அத்தை தலையணையோடு நடந்து போன அதே வாசல்களைத் தாண்டி நடந்து வந்தார். நிற்கவும் முடியாது, திரும்பவும் முடியாது. கோடியோடு பாதி வழியில் திரும்பினவன் எங்கள் ஜனத்தில் கிடையாது.

எஹலியகொட அத்தை படியிலிருந்து எழுந்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். வாசலுக்கு வெளியே வந்து நின்று, இரண்டு கையையும் சேர்த்து முன்னால் நீட்டினாள். பெண் எடுத்த வீட்டு ஆண்கள் அப்படி நிற்பார்கள். கோடி கொண்டு வருகிறவன் அந்தக் கையைத் தொட்டுத் துக்கம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும்.

"வாங்க மச்சான்" என்றாள்.

பெண் கொடுத்தவனைப் பெண் எடுத்தவன் அழைக்கிற அழைப்பு. பதினாறு வருஷமாக அந்த முகத்தை அப்பா நேருக்கு நேர் பார்த்ததில்லை. பார்த்தார். தப்பு நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது. சேலையை ஒரு கைக்கு மாற்றி, மற்றக் கையால் அவள் கையைத் தொட்டார். பிறகு தலையைக் குனிந்து, அந்தக் குட்டை நிலைக்குள் நுழைந்து, தங்கச்சியின்மேல் கோடியைப் போட்டார்.

கடைசிக் காம்பராவிலிருந்துதான் எடுத்தோம். தண்ணீர்க்குடம் எஹலியகொட அத்தை எடுத்தாள். தலைவர் அதற்கும் ஏதோ சொல்ல வந்தார். "கோடி வாங்குன வீடுய்யா, வேற யாரு எடுக்கிறது?" என்று தப்புக்கார மூத்தவர் சொன்னார், மிகச் சாதாரணமாக. அதற்குப் பிறகு தோள் கொடுக்க ஆள் போதும் போதும் என்று வந்தார்கள்.

அப்பா மயானத்துக்கு வரவில்லை. சாயந்திரம் நான் வீட்டுக்குப் போனபோது பீலியில் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர்மேல் கோபம் போகவில்லை. இன்றைக்கும் போகவில்லை. சோற்றைப் போட்டுக் கொண்டுபோய் முன்னால் வைத்தேன். அவர் தொடவில்லை.

"நான் எதுக்கு வெளியாள் மாதிரி வந்து துணி போட்டேன்னு தெரியுமா?"

"எதுக்கு?"

"அவ எங்க வீட்டு ஆள் இல்லன்னு காட்டத்தான். அவ வேற வீட்டுக்காரி. லயத்துக்கே தெரியணும்னுதான் போட்டேன்." என் முகத்தைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "எல்லாரும் பாத்தாங்கல்ல?"

"எல்லாரும் பாத்தாங்கப்பா" என்றேன்.